எஃப்9-ஐ அழுத்துவதற்கு முன்: ஈஸிங் பழகுபவர்களுக்கு

மாம்பழ சீசன் தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கம் எல்லார் போனிலும் மண்டிகளின் ஸ்டேட்டஸ் வீடியோதான். மேலிருந்து ஒரு மாம்பழம் விழும், பக்கவாட்டில் மண்டியின் பெயர் வரும், கிலோ விலை வரும், போன் நம்பர் வரும், முடிந்தது. பல வீடியோக்களில் பெயர் ஒரே வேகத்தில் நகர்ந்து வந்து டக்கென்று நின்றுவிடும். வேறு சிலவற்றில் எல்லாமே வழுவழுவென்று நகரும். கூடவே மாம்பழமும் கீழே தொடுவதற்கு முன் வேகம் குறைந்து பஞ்சு மாதிரி இறங்கும். முதல் கோளாறு ஈஸிங் போடாததால் வருவது. இரண்டாவது, எல்லாவற்றுக்கும் ஒரே ஈஸிங்கைப் போட்டதால் வருவது. பழகுபவர்கள் முதலாவதிலிருந்து சீக்கிரம் வெளியே வந்துவிடுகிறார்கள். இரண்டாவதில்தான் பலர் குடித்தனமே நடத்துகிறார்கள். அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

ஒரு பொருள் நகரும்போது அதன் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவதும் குறைப்பதும்தான் ஈஸிங். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் அதைப் போடும் பட்டன்தான் எஃப்9. கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்த சங்கதி இது. கையால் வரைந்த காலத்தில் முக்கியமான படங்களை மூத்த ஓவியர் வரைவார், இடையில் வரும் படங்களை உதவியாளர் வரைவார். அந்த இடைப்படங்கள் எந்த முனையில் நெருங்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதைத் தாளின் ஓரத்தில் ஒரு கோடும் சில கீறல்களுமாக மூத்தவர் குறித்துக் கொடுத்துவிடுவார். டிஸ்னி ஸ்டுடியோவின் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் தொகுத்து வெளியிட்ட அனிமேஷனின் பன்னிரண்டு அடிப்படைகளில் இதுவும் ஒன்று.

ஒரு மண்டிக்குப் பத்து வினாடி வீடியோ செய்வதாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். போனில் பார்ப்பதால் செங்குத்து அளவு, 1080-க்கு 1920 பிக்சல். வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 படம்.

முதலில் தாளும் ஸ்கேலும்

கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம். ஒரு தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடு போடுங்கள். முதல் கோட்டில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு புள்ளி. இதுதான் லீனியர்: பத்து பிரேமில் பத்து சம நகர்வு.

இரண்டாவது கோட்டில் 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81, 100 மில்லிமீட்டரில் புள்ளி வையுங்கள். இடைவெளிகளை அளந்தால் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகவே 19 வரை போகும். மெதுவாகக் கிளம்பி வேகமெடுக்கும் நகர்வு இது. மேலிருந்து விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரமும் இதே ஒற்றைப்படை வரிசையில்தான் கூடுகிறது என்பது கலிலியோ கண்டது. மாம்பழம் விழும்போது இது தேவைப்படும்.

மூன்றாவது கோட்டில் 19, 36, 51, 64, 75, 84, 91, 96, 99, 100. வேகமாக வந்து மெல்ல நிற்கிறது; மூன்று பிரேமுக்குள் பாதித் தூரம் முடிந்துவிட்டது பாருங்கள். நான்காவதில் 2, 8, 18, 32, 50, 68, 82, 92, 98, 100. இரண்டு முனையிலும் மெதுவு, நடுவில் வேகம்.

நான்கிலும் நேரம் அதே பத்து பிரேம், தூரமும் அதேதான். மாறியது புள்ளிகளின் இடைவெளி மட்டும். ஒரு நகர்வு சரியில்லை என்று தோன்றும்போது கோளாறு நேரத்திலா, இடைவெளியிலா என்று முதலில் பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். பழகுபவர்கள் இடைவெளியில் இருக்கும் கோளாறைச் சரிசெய்ய நேரத்தை இழுத்துக்கொண்டே போவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அடுத்து பஸ் ஸ்டாண்ட்

போனை எடுத்துக்கொண்டு தர்மபுரி பஸ் ஸ்டாண்டோ கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டோ எது பக்கமோ அங்கே போங்கள். ஒரு தூணில் போனைச் சாய்த்துவைத்து, ஒரு பஸ் பக்கவாட்டில் கிளம்புவதை எடுங்கள். பஸ்ஸோடு சேர்த்து போனைத் திருப்பக் கூடாது. வீட்டுக்கு வந்து லேப்டாப் திரையில் ட்ரேசிங் தாளை ஒட்டி, ஐந்து பிரேமுக்கு ஒருமுறை முன்சக்கரத்தின் நடுவில் புள்ளி வையுங்கள். முதல் சில புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். அப்புறம்தான் மெல்ல விலகும். பஸ் வந்து நிற்பதையும் இதேபோல் எடுத்துப் பாருங்கள். நின்ற பிறகும் உடம்பு ஒருமுறை முன்னால் குனிந்து பின்னால் சாயும். அதே வீடியோவில் குறுக்கே ஓடுகிற நாய் மாட்டியிருந்தால் அதற்கும் புள்ளி வையுங்கள். அது கிளம்பவும் நிற்கவும் பஸ் அளவுக்கு நேரம் எடுக்காது. எடை என்பதைப் பார்ப்பவர் கண்ணுக்குச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கிளம்பும் நேரமும் நிற்கும் நேரமும்தான். படத்தின் அளவு இல்லை.

ஒகேனக்கல் போனால் பரிசலை எடுங்கள். துடுப்பு ஒரு முறை விழுந்ததும் பரிசல் வெடுக்கென்று நகரும், பிறகு தண்ணீர் பிடித்து இழுக்க நீளமாக வேகம் குறையும். தாளில் போட்ட மூன்றாவது கோடு அங்கே தண்ணீர்மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது மென்பொருள்

எதை வைத்திருந்தாலும் சரி, வேலை ஒன்றுதான்: தொடக்கத்தில் ஒரு கீஃபிரேம் (இந்த நேரத்தில் பொருள் இங்கே என்று நாம் வைக்கும் குறி), முடிவில் ஒரு கீஃபிரேம், இரண்டுக்கும் நடுவில் ஒரு வளைகோடு. ஆனால் நீங்கள் ஒன்றுமே சொல்லாவிட்டால் ஒவ்வொரு மென்பொருளும் தன்னிஷ்டத்துக்கு ஒன்றைச் செய்யும். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பாதி குழப்பம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இடத்தை மாற்றக் கீஃபிரேம் வைத்தால் அது லீனியர். எஃப்9 அழுத்தினால் ஈஸி ஈஸ், அதாவது இரண்டு பக்கமும் மெதுவு, விழுந்து, டைமண்ட் வடிவக் குறி மணற்கடிகார வடிவத்துக்கு மாறும். சில லேப்டாப்பில் எஃப்என் பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிளெண்டர் இதற்கு நேர் எதிர்: ஐ (I) அழுத்திக் கீஃபிரேம் வைத்ததுமே பெசியர் வளைவு வந்துவிடும், இரண்டு முனையும் தானாக மெதுவாகும். லீனியர் வேண்டுமென்றால் கீஃபிரேம்களைத் தேர்ந்தெடுத்து டி (T) அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். பிளெண்டர் இலவசம் என்பதால் கையில் காசில்லாதவர்களுக்கு என் சிபாரிசு அதுதான். போனில் அலைட் மோஷன் வைத்திருப்பவர்கள் இரண்டு கீஃபிரேமுக்கு நடுவில் நின்றுகொண்டு வளைகோட்டுப் படத்தைத் தொட்டால் வளைவைக் கையால் இழுக்கலாம்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெப்சைட் எழுதும் சிஎஸ்எஸ்ஸில் ஈஸ்-அவுட் என்றால் நகர்வின் முடிவு மெதுவாகும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஈஸி ஈஸ் அவுட் என்றால் அந்தக் கீஃபிரேமை விட்டு மெதுவாகக் கிளம்பும், அதாவது தொடக்கம் மெதுவாகும். இரண்டும் நேர் எதிர். நண்பர் சொல்லும் டிப்ஸைக் கேட்கும்போது அவர் எந்த ஊர் பாஷையில் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கு எது

எஃப்9-ஐத் தொடும் முன் ஒவ்வொரு பொருளிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் வேகம் எங்கிருந்து வந்தது? அந்த வேகம் எங்கே போய்ச் சேருகிறது?

மண்டியின் பெயர் திரைக்கு வெளியிலிருந்து வருகிறது. நம் கண்ணில் படும் முன்பே அது ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே தொடக்கத்தில் மெதுவு தேவையே இல்லை. வந்து படிக்கத் தோதாக நிற்க வேண்டும், ஆகவே முடிவில் நீளமான மெதுவு வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் முதல் கீஃபிரேமை அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதில் மட்டும் ஷிஃப்ட் எஃப்9 (வந்து சேரும்போது மட்டும் மெதுவு). பிறகு அதே கீஃபிரேமில் கன்ட்ரோல் ஷிஃப்ட் கே அழுத்தினால் கீஃபிரேம் வெலாசிட்டி பெட்டி திறக்கும். உள்ளே வரும் பக்கத்து இன்ஃப்ளூயன்ஸ், அதாவது அந்த மெதுவு எவ்வளவு நீளும் என்பதன் அளவு, 33.33 சதவீதம் என்று இருக்கும். அதை 80 ஆக்கிப் பாருங்கள். உடனே ஆள் மாறிவிடும். எல்லார் வேலையும் ஒரேமாதிரி தெரிவதற்குக் காரணம் அந்த 33.33-ஐ யாரும் தொடுவதில்லை என்பதுதான்.

விலைப்பட்டை வேலை முடிந்து திரையை விட்டு வெளியே போகிறது. நின்றுகொண்டிருந்தது கிளம்புகிறது, ஆகவே தொடக்கம் மெதுவு. நிற்பதை நாம் பார்க்கப்போவதில்லை, ஆகவே முடிவில் முழு வேகம். வெளியே போவதற்கு உள்ளே வருவதைவிடக் குறைந்த நேரம் கொடுங்கள். போகிறதை யாரும் படிக்கப்போவதில்லை. கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி ஆரம்பகாலத்தில் போன் திரைக்குச் சொன்ன அளவுகூட அப்படித்தான்: உள்ளே வர 225 மில்லி வினாடி, வெளியே போக 195.

திரைக்குள்ளேயே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகிற பொருளுக்குத்தான் இரண்டு பக்கமும் மெதுவு. அதிலும் இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பொம்மைத்தனம் தட்டும். கிளம்புவது சுருக்கமாகவும் நிற்பது நீளமாகவும் இருக்கட்டும்.

ஈஸிங்கே போடக் கூடாத இடங்களும் உண்டு. மாம்பழக் கூழ் ஆலையின் கன்வேயர் பெல்ட், மின்விசிறி, கீழே ஓடும் செய்தி வரி, சுற்றிக்கொண்டே இருக்கும் சக்கரம். இவை எல்லாம் லீனியர். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஈஸி ஈஸ் போட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் வரும்.

மாம்பழத்தை விழவைப்போம்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஈஸிங் புரிந்ததா என்று இங்கேதான் தெரியும்.

மாம்பழம் 900 பிக்சல் கீழே விழுந்து வைக்கோல் பரப்பிய கிரேட்டில் சேர வேண்டும். 12 பிரேம் கொடுப்போம், அதாவது அரை வினாடி. நிஜத்தில் அரை வினாடியில் ஒரு பொருள் ஏறக்குறைய 1.2 மீட்டர் விழும். ஆள் நெஞ்சு உயரத்திலிருந்து நழுவிய பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கையில் நின்ற பழம், ஆகவே தொடக்கம் மெதுவு, வேகம் பூஜ்யம். கீழே? பழம் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. கிரேட்தான் அதை நிறுத்துகிறது. ஆகவே தொடும் பிரேம் வரை வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அடிப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

முதலில் பொசிஷன்மேல் ரைட் கிளிக் செய்து செபரேட் டைமென்ஷன்ஸ் கொடுங்கள். குறுக்கு நகர்வும் மேல்-கீழ் நகர்வும் தனித்தனியாகப் பிரியும். மேல்-கீழ் வரிசையில் முதல் கீஃபிரேமுக்குக் கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப்9 (கிளம்பும்போது மட்டும் மெதுவு). இரண்டாவதுக்குக் கணக்கு போடுவோம். 900 பிக்சலை அரை வினாடியில் கடந்தால் சராசரி வேகம் வினாடிக்கு 1800. பூஜ்யத்திலிருந்து சீராகக் கூடும் வேகத்தின் கடைசி அளவு சராசரியைப்போல் இரண்டு மடங்கு, ஆக 3600. கீஃபிரேம் வெலாசிட்டி பெட்டியில் உள்ளே வரும் பக்கத்து வேகம் 3600, இன்ஃப்ளூயன்ஸ் 33.33. இது தோராயக் கணக்கு இல்லை. புவியீர்ப்பின் வளைவே இதுதான். பிளெண்டரில் இவ்வளவு கணக்கு வேண்டாம்: டி (T) அழுத்திக் குவாட்ராடிக் என்பதையும், கன்ட்ரோல் ஈ (E) அழுத்தி ஈஸ் இன் என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

இனி துள்ளல். துள்ளும் உயரம் நான்கில் ஒரு பங்கானால் அதற்கு ஆகும் நேரம் பாதி. பதினாறில் ஒரு பங்கானால் நேரம் கால் பங்கு. ரப்பர் பந்தென்றால் துள்ளிக்கொண்டே இருக்கலாம். பழுத்த மல்கோவா வைக்கோலில் விழுந்தால் ஒரே ஒரு சின்ன எழும்பல்தான். 900-இல் பதினாறில் ஒரு பங்கு 56 பிக்சல். நேரம் 12-இல் கால் பங்கு, மேலே ஏற மூன்று பிரேம், இறங்க மூன்று பிரேம். கிரேட்டைத் தொட்ட கீஃபிரேமில் அதே பெட்டியில் உள்ள கண்டினியூவஸ் டிக்கை எடுத்துவிட்டு, வெளியே போகும் பக்கத்தில் கழித்தல் 900 போடுங்கள். திரையில் மேல்நோக்கிப் போவது கழித்தல் கணக்கு. உச்சியில் வேகம் பூஜ்யம், திரும்பத் தொடும்போது 900. உள்ளே, வெளியே எல்லாப் பக்கமும் இன்ஃப்ளூயன்ஸ் அதே 33.33.

இப்போது கிராஃப் எடிட்டரைத் திறந்து வேல்யூ கிராஃபைப் பாருங்கள். உச்சியில் கோடு வழவழப்பாக வளைந்திருக்கும், தரையைத் தொடும் இடத்தில் கூர்மையாக முறிந்திருக்கும். அந்த முறிவைப் பார்த்துப் பயந்து மழுக்கிவிடாதீர்கள். மோதல் என்பதே அந்த முறிவுதான்.

குறுக்கு நகர்வு இருந்தால் அது காற்றில் இருக்கும்வரை லீனியர். மேல்-கீழ் வேகம் மாற, குறுக்கு வேகம் மாறாமல் இருந்தால் பாதை தானாகவே வில்லாக வளையும். கிரேட்டில் உருண்டு நிற்பதற்கு மட்டும் நீளமான மெதுவு. பழம் தொட்ட பிரேமில் இரண்டு வைக்கோல் துரும்பு எழும்பினால் எடை இன்னும் கூடித் தெரியும். பழத்தை நசுக்கிக் காட்ட வேண்டாம், மண்டிக்காரர் ரசிக்கமாட்டார்.

எவ்வளவு நேரம்

எழுத்து உள்ளே வர 12 முதல் 18 பிரேம் வரை தொடங்கிப் பாருங்கள். வளைவின் வால் நீளமானால் மொத்த நேரத்தையும் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் முதல் இரண்டு பிரேமிலேயே எல்லாம் பாய்ந்து முடிந்துவிடும். நின்ற பிறகு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு, வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள், அவ்வளவு நேரம்.

தமிழில் செய்பவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை. எழுத்து எழுத்தாக வரவைக்கும் ரெடிமேட் எஃபெக்டுகளில் பல, தமிழைச் சரியாகப் பிரிக்காது. கொம்பு முதலில் வரும், க பின்னால் வரும், கால் தனியாகத் தொங்கும், புள்ளி வேறெங்கோ நிற்கும். சொல் சொல்லாக அனிமேட் செய்யுங்கள். செந்தூரா, பெங்களூரா, மல்கோவா என்று மூன்று ரகம் வரிசையாக வர வேண்டுமென்றால் மூன்றுக்கும் அதே வளைவு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று பிரேம் தள்ளிவைத்தால் போதும். தள்ளிவைப்பதை ஏழெட்டுப் பிரேமாக்கினால் பட்டியல் நகர மறுக்கும்.

தாண்டி வந்து நிற்பது என்று ஒன்று இருக்கிறது. விலை எழுத்து 100 சதவீத அளவில் நிற்க வேண்டுமென்றால் 108 வரை வளர்ந்துவிட்டுத் திரும்புவது. தள்ளுபடி, காதணி விழா, கடை திறப்பு ஆகியவற்றுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒரே வீடியோவில் ஒரு பொருளுக்கு மேல் வேண்டாம். கண்ணீர் அஞ்சலி வீடியோவில் பெயர் துள்ளிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ரெடிமேட் டெம்ப்ளேட்டின் கைங்கரியம். அங்கே மெல்லத் தெளிவாகும் லீனியர் ஃபேடே போதும்.

வெப்சைட்டுக்கு என்றால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்எஸ்ஸில் டிரான்சிஷனுக்கு ஒன்றும் எழுதாவிட்டால் லீனியர் வராது, ஈஸ் என்ற வளைவு வரும்; அதன் வடிவத்தைச் சொல்லும் க்யூபிக் பெசியர் எண்கள் 0.25, 0.1, 0.25, 1. ஈஸ்-அவுட்டுக்கு 0, 0, 0.58, 1. திரைக்குள் நகரும் பெட்டிக்கு மெட்டீரியல் டிசைன் பரப்பிய 0.4, 0, 0.2, 1 நல்ல தொடக்கம். நம் மாம்பழத்தின் வளைவு வேண்டுமென்றால் 0.333, 0, 0.667, 0.333. குவாட், க்யூபிக், எக்ஸ்போ, எலாஸ்டிக் என்று பல மெனுக்களில் வரும் வரிசை, 2000-களின் தொடக்கத்தில் ராபர்ட் பென்னர், வெப் அனிமேஷன் மென்பொருளான ஃபிளாஷுக்காக எழுதிப் பகிர்ந்த சமன்பாடுகளிலிருந்து பரவியது. குவாடிலிருந்து எக்ஸ்போ வரை போகப்போக வளைவின் சாய்வு கூடும் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். அசைவைப் பார்த்தால் தலைசுற்றும் சிலர் போனிலேயே அசைவைக் குறைக்கச் சொல்லி வைத்திருப்பார்கள். அந்த அமைப்பை உங்கள் பக்கம் மதிக்கிறதா என்றும் பாருங்கள்.

வாடிக்கையாளர் சொல்வதைப் புரிந்துகொள்ள

வீடியோவை முதலில் உங்கள் போனிலேயே, மண்டிக்காரர் பார்க்கப்போகும் அளவில் பாருங்கள். லேப்டாப்பில் நிதானமாகத் தெரிந்த நகர்வு சின்னத் திரையில் சோம்பலாகத் தெரியலாம்.

அனுப்பியதும் திருத்தம் வரும். யாரும் வளைவு, இன்ஃப்ளூயன்ஸ் என்றெல்லாம் பேசமாட்டார்கள். "டக்குனு நிக்குதுப்பா" என்றால் முடிவின் வால் போதவில்லை, 80-ஐ 90 ஆக்குங்கள். "இழுத்துக்கிட்டே வருது" என்றால் உள்ளே வரும் பொருளின் தொடக்கத்தில் தேவையில்லாத மெதுவு இருக்கிறது, முதல் கீஃபிரேமை லீனியராக்குங்கள். "பழம் மெதக்குது" என்றால் தரைக் கீஃபிரேமில் எஃப்9 விழுந்திருக்கிறது. "இன்னும் ஸ்பீடா வேணும்" என்று வந்தால் உடனே கீஃபிரேம்களை நெருக்கிவிடாதீர்கள். எழுத்து வந்து நின்ற பிறகு அடுத்தது வரும்வரை ஏதாவது சும்மா நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில் பத்து பிரேமை வெட்டி அனுப்பினாலே, "இப்ப சரியா இருக்கு" என்று பதில் வந்துவிடும்.